என் தேதியில் பிறந்தவன்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி இரண்டு உண்டு. வீட்டுக்கு ஒன்று, சர்ட்டிபிகேட்டுக்கு ஒன்று. இல்லை என்று சாதிக்காதீர்கள், உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. அவ்வளவுதான் நம் காலத்து அட்மிஷன். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறதா, மே மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போடு, தீர்ந்தது. அந்தத் தேதிக்குப் பேரப்பிள்ளைகள் கேக் வாங்கி வரும்போது நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. எனக்கு இருப்பது ஒரே தேதிதான், தை மாதத்து அசல் தேதி. ஆனால் அந்த ஒரு தேதியை நாங்கள் இரண்டு பேர் வைத்திருந்தோம்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி எங்கள் குடிசை. லாரியில் போன அப்பா நான் நடக்கப் பழகியபோதே திரும்பி வராமல் போனவர். அம்மா பாலத்தைத் தாண்டி அபிராமபுரத்தில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எனக்கும் தம்பிக்கும் பதினைந்து மாத வித்தியாசம். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தனியாகப் போகமாட்டேன் என்று தரையில் புரண்டு ஊரைக் கூட்டினேன். அவனை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கும் ஆளில்லை. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய டீச்சர் முன்னால் நிறுத்தினாள். தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எனக்கு எட்டியும் எட்டாமலும் காது நுனியில் விரல் பட்டது. தம்பிக்கோ நாலே வயது. அவன் கையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டு, காதைப் பிடித்து, திருகியும் காட்டினான். அப்படி ஒரு நீளம் அந்தக் கைக்கு. பெரிய டீச்சர் சிரித்துவிட்டார்.

"ரெண்டாவது குழந்தைக்குப் பிறந்த தேதி?"

"அதேதான் டீச்சர். ரெட்டைங்க," என்றாள் அம்மா.

பெரிய டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். நம்பினால்தானே! ஆனாலும் எழுதினார். இரக்கத்தில் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளியே வந்ததும் அம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்து என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "இத பாரு. யாரு கேட்டாலும் ரெட்டைன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்ன, பெரிய டீச்சருக்கு வேலை பூடும். உங்க ரெண்டு பேரையும் இஸ்கூலாண்டயே சேக்க மாட்டாங்க. இன்னா, புரிஞ்சுதா?" புரிந்தது என்று தலையாட்டினேன். தம்பியிடம் அவள் சத்தியம் வாங்கவில்லை. அவன் மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தான், நாலு வயசுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் மறைக்கத் தெரியாத பெண். யார் பானையை உடைத்தது, யார் பக்கத்து வீட்டு முருங்கையை ஒடித்தது, எல்லாவற்றையும் மாலையில் அம்மா வந்ததும் ஒப்பித்துவிடுவேன். தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். தம்பி என்னால் வாங்கிய அடிக்குக் கணக்கே கிடையாது. "ஏன்டீ ரேடியோ, ஒரு நாளாச்சும் லீவு உடேன்" என்று கெஞ்சுவான். அடியை வாங்கிக்கொண்டு மறுநாளே என்னிடம் வந்து ஒட்டிக்கொள்வான்.

நான் சொல்ல வந்தது ஏழாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் அடைக்கும்வரை நடந்தது.

ஆற்றங்கரை மைதானம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மைதானம் என்று பேர்தான், ஒரு பக்கம் கருவேலம், ஒரு பக்கம் சலவைக்காரர்கள் துணி உலர்த்துகிற கயிறு. தெற்குக் காற்று அடித்தால் ஆற்று நாற்றம், வடக்குக் காற்று அடித்தால் சோப்பு வாசனை. அங்கே பஞ்சர் கடை பாய் பையன்களைச் சேர்த்து ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தார். அவருக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியாது. அவரிடம் பந்து இருந்தது, பந்து ஓட்டையானால் ஒட்டுகிற சொல்யூஷன் இருந்தது, அதனால் அவர்தான் கோச். அவருடைய மகன் லெஃப்ட் பேக். என் தம்பி கோல்கீப்பர்.

அவன் கையுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா வேலை செய்த ஒரு வீட்டில், ஊட்டிக்குப் போனபோது வாங்கிய கம்பளிக் கையுறையைப் பூச்சி அரித்துவிட்டது என்று தூக்கிப் போட்டார்கள். அம்மா அதைக் கொண்டுவந்தாள். பாய் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டிக் கொடுத்தார். வலது கை பச்சை, இடது கையும் பச்சைதான், ஆனால் வெளுத்துப்போய் வேறு பச்சை. சித்திரை வெயிலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நிற்பான், கழற்றும்போது கை ஊறிப்போய் வெள்ளை வெளேர் என்று இருக்கும். ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். சொல்யூஷன் நெடியில் எனக்குத் தும்மலாக வரும். திட்டுவேன். இன்றைக்கு ஏதாவது பஞ்சர் கடையைத் தாண்டினால் நான் கொஞ்சம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் போகிறேன், பைத்தியக்காரி மாதிரி.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் தொப்பியோடு ஒருவர் பையன்களைப் பொறுக்கி எடுக்க வந்தார்; எங்களுக்கு அவர் தொப்பி சார். வெளியூரில் ஒரு பெரிய கம்பெனி ஃபுட்பால் கேம்ப் நடத்தியது. இப்போது அகாடமி என்கிறார்களே, அதுதான். பையன்களைச் சின்ன வயதிலேயே எடுத்து, அங்கேயே தங்கவைத்து, மூன்று வேளை சாப்பாடு போட்டு, படிப்பும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து, பெரியவனானதும் கம்பெனியிலேயே வேலையும் கொடுப்பார்கள். மூன்று வேளை சாப்பாடு என்றதும் எங்கள் ஆற்றங்கரை முழுக்க ஜுரம் வந்துவிட்டது. பந்தைக் கண்டாலே ஓடுகிற பையன்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள்.

தொப்பி சார் மற்றவர்களைப்போல ஆட்டம் பார்க்கவில்லை. கோல் விழுந்தால் எல்லோரும் கத்துவார்கள், அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இவர் இந்தக் கோடியில் என் தம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தம்பி சும்மா நிற்கிறவனா? பந்து வலது பக்கம் போனால் இவன் இரண்டடி வலது பக்கம், இடது பக்கம் போனால் இரண்டடி இடது பக்கம். வாய் ஓயாது. "பின்னால வர்றான் பாரு, உள்ள வா, உள்ள வா, டேய் லெஃப்டு, தூங்கிகினு கீறியா?" தொப்பி சார் நோட்டில் ஏதோ எழுதினார். பக்கத்தில் துணிக் கயிற்றடியில் நின்றிருந்த எனக்கு அந்த நோட்டு தெரிந்தது. ஒரே ஒரு பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். தையல்காரர் டேப்தான். தம்பியை இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை அளந்தார். பிறகு உயரத்தை அளந்தார். கை அகலம் உயரத்தைவிட நாலு விரல்கடை அதிகம். "ஒருமுறை தப்பா அளந்துட்டேனோ" என்று மறுபடி அளந்தார். அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது தெரிகிறது, அவர் பால் பல்லை எண்ணியிருக்கிறார். தம்பிக்கு இன்னும் நாலு பால் பல் விழவில்லை.

கேம்புக்கு ஒரு விதி இருந்தது. ஜூன் முதல் தேதியில் பன்னிரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது. சர்ட்டிபிகேட்படி தம்பிக்கு, அதாவது எனக்கு, பன்னிரண்டு முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கும். நிஜத்தில் அவனுக்கு அந்தச் சித்திரையில்தான் பதினொன்று.

அன்று மாலையே தொப்பி சார் பாயைக் கூட்டிக்கொண்டு எங்கள் குடிசைக்கு வந்தார். பையன் எவ்வளவு உயரம் வளர்வான் என்று தெரிய அவர்கள் அம்மா அப்பாவின் உயரத்தைப் பார்ப்பார்களாம். அம்மா குனிந்துதான் வாசலைவிட்டு வெளியே வருவாள். நிமிர்ந்து நின்றதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் கேட்டார், "பையனுக்கு வயசு என்னம்மா?"

இங்கேதான் என் அம்மா அந்தத் தப்பைச் செய்தாள். பாவி, எவ்வளவு ஆசையாகச் செய்தாள்! அவள் அறிந்த உலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவன் பெரிய பையனைத்தான் எடுப்பான், சின்னப் பையனை வேண்டாம் என்பான். அவளையே ஒரு வீட்டில் வயது போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள், "பன்னெண்டு முடிஞ்சு பூட்ச்சு சார். பதிமூணு நடக்குது. நல்லா வளந்த புள்ள, ஒண்ணும் கொறை இல்ல."

"நிச்சயமாவா? பல்லைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"இதோ அக்காகாரி நிக்குறா பாரு. ரெண்டும் ரெட்டைங்க. ஒரே நாள்."

தொப்பி சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். விதியைப் பற்றி அவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எல்லாத் தாய்மாரும் வயதைக் குறைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பாயிடம்கூட மூச்சுவிடவில்லை. அவர் ஆயிரம் பொய்யைப் பார்த்தவர், ஆனால் எல்லாமே குறைக்கிற பொய். கூட்டிச் சொல்கிற பொய்யை அவர் எங்கள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

நல்ல மனிதர். அத்தோடு விடவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தம்பியையும் பாயின் மகனையும் வராந்தாவில் நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அனுப்பினார். பிறகு ஆயா வந்து என்னைக் கூப்பிட்டாள். பெரிய டீச்சர் அறையில் தொப்பி சார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய டீச்சர். மேஜைமேல் அந்த அட்மிஷன் நோட்டு திறந்திருந்தது.

"பயப்படாதேம்மா. உன் தம்பி நல்லதுக்குத்தான் கேக்குறேன். நீங்க ரெண்டு பேரும் இரட்டையா? இல்லே அவன் உனக்குச் சின்னவனா?"

நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த வருஷத்தோடு அவருக்கு ரிடையர்மென்ட். அவர் நினைத்திருந்தால் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லவில்லை, குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் காதில் அம்மா குரல் கேட்டது. மாத்திச் சொன்ன, பெரிய டீச்சருக்கு வேலை பூடும்.

"ரெட்டைதான் சார்," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லும்மா."

"ரெட்டைதான் சார். ஒரே நாள்."

இதுவரை சொன்னதை நான் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. பயத்தில் சொன்னேன், சத்தியத்துக்காகச் சொன்னேன், எல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. பையன்களை ரயிலில் கூட்டிப்போவார்கள், வருஷத்துக்கு ஒரு முறைதான் விடுவார்கள் என்று பாயின் மகன் முதல் நாள்தான் சொல்லியிருந்தான். முந்தின ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. அவன் இல்லாமல் நான் எப்படித் தனியாகப் பள்ளிக்கூடம் போவேன்? "யோசிச்சுச் சொல்லும்மா" என்றபோது நான் யோசித்தேன். அதைத்தான் யோசித்தேன். சின்னவன் என்று சொன்னால் அவன் போவானா, இரட்டை என்றால் போவானா என்றெல்லாம் எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அவர் ஆசைப்படுகிற பதில் வேறு என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தெரிந்தும் அதை நான் சொல்லவில்லை.

சாயங்காலம் குழாயடியில் தம்பி வந்து நின்றான்.

"தொப்பி சாரு உன்ன கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ரெட்டைன்னுதான். வேற இன்னா சொல்றது?"

குடம் நிரம்பி வழிந்தது. "சரி" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். குடத்தை என்னிடமிருந்து வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் ரொம்பச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று சந்தோஷமாகப் பின்னாலேயே போனேன்.

பங்குனி கடைசியில் லிஸ்ட் வந்தது. எங்கள் மைதானத்திலிருந்து ஒரே பெயர், பாயின் மகன். பாய்க்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. தயங்கித் தயங்கி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. உம் புள்ளைக்குத்தான் மொத எடம் வச்சிருந்தாராம். வயசு ஜாஸ்தியாப் போச்சாம். பன்னெண்டுக்குள்ள இருக்கணுமாம்."

"ஜாஸ்தியா?" அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாய்! பெரிய புள்ளைன்னாத்தான் எடுப்பாங்கன்னு நெனச்சேனே! எம் வாயால நானே கெடுத்தேனே!" தகரப் பெட்டியை இழுத்துப்போட்டு, அடியிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டை எடுத்தாள். ரோஸ் நிறத் தாள், மடிப்பில் நைந்துபோயிருந்தது. அதில் இருந்தது அவனுடைய சொந்தத் தேதி, சித்திரை மாதத்துத் தேதி. தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அள்ளி முடிந்த கொண்டையோடு, செருப்புகூட இல்லாமல் பஸ் ஏறினாள். தொப்பி சார் தங்கியிருந்த இடத்தில் அவர் இல்லை. முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார். அங்கே இருந்த ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, லிஸ்ட் மூடியாகிவிட்டது, அடுத்த வருஷம் இதைக் கொண்டுவாருங்கள் என்றாராம்.

அடுத்த வருஷம் தம்பிக்கு நிஜமாகவே பன்னிரண்டு முடிந்திருந்தது.

அந்த ஐப்பசியில் ஆறு குடிசைக்குள் வந்தது. தகரப் பெட்டி போயிற்று, சீட்டு போயிற்று, ஆணியில் மாட்டியிருந்த பச்சைக் கையுறையும் போயிற்று. தம்பி கழுத்தளவுத் தண்ணீரில் என்னைத் தூக்கிப்போய்ப் பாலத்தில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். கையுறையைத் தேடத்தான் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவன் கையில் என் புத்தகப் பை இருந்தது.

பிற்பாடு எங்களுக்கு ஹவுசிங் போர்டில் வீடு கிடைத்தது. நான் படித்துச் சத்துணவு அமைப்பாளர் ஆனேன். குழந்தையைச் சேர்க்க வருகிற தாய்மாரிடம் தேதியை மூன்று தடவை கேட்பேன். சள்ளைபிடித்தவள் என்று எனக்குப் பெயர். தம்பி பத்தாவதோடு நின்று கிளீனர் ஆனான், டிரைவர் ஆனான். கடைசிப் பதினைந்து வருஷம் என்ன வண்டி ஓட்டினான் தெரியுமா? அடையாறில் ஒரு ஃபுட்பால் அகாடமிக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகிற வேன். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் வீடு வீடாக நின்று ஏற்றிக்கொண்டு போவான். குழந்தைகள் உள்ளே போனதும், பச்சை வலைக்கு வெளியே கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஒரு நாள் நானும் கூடப் போனேன். பந்து அந்தக் கோடியில் இருந்தது. அறுபதை நெருங்கிய மனிதன், காக்கிச் சட்டையோடு, பந்து வலது பக்கம் போனால் இரண்டடி வலது பக்கம், இடது பக்கம் போனால் இரண்டடி இடது பக்கம்.

"இப்பல்லாம் வயசுல யாரும் டபாய்க்க முடியாதுக்கா," என்றான் வலையைப் பிடித்தபடி. "மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறாங்க. எலும்பு பொய் சொல்லாதாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, அன்னைக்கு நான் யோசித்துத்தான் பொய் சொன்னேன் என்று. நாக்கு நுனிவரை வந்தது. யாரோ குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கேட்டது, அவன் ஓடிவிட்டான். நானும் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போன மாசியில் ஒரு காலை, வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். போங்கடா என்று போனேன். அவன் மகன் உள்ளே காரியத்தில் இருந்தான், அதனால் பேப்பர் வேலை என்னிடம் வந்தது. வாசல் ஆபீஸில் வரிசை. பக்கத்தில் பாயின் மகன் வந்து உட்கார்ந்தான். கேம்புக்குப் போய் இரண்டே வருஷத்தில் முட்டி உடைந்து திரும்பியவன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். தேம்பித் தேம்பி அழுதான்.

"நா போன எடம் அவன் எடம்க்கா. ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு வராந்தால தொப்பி சாரு கேக்கசொல்ல நானும் இருந்தேன். இவன் பட்டுனு மெய்ய சொல்லிட்டான். 'நா சின்னவன் சார், அம்மா இஸ்கூல்ல சேக்க அப்டி சொல்லிடுச்சு'ன்னு. சாரு நம்பல. ஹாஸ்டல் சோத்துக்குப் பொய் சொல்றியாடான்னாரு. அதுக்கு இவன் இன்னா சொன்னான் தெரியுமா?"

"இன்னா சொன்னான்?"

"'எங்க அக்காவ கேளுங்க சார். அவ பொய் சொல்ல மாட்டா'ன்னான்."

வரிசை நகர்ந்தது. யாரோ என்னைத் தள்ளிவிட்டார்கள். ஜன்னலுக்குள் ஒரு சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருந்தான்.

"பேரு சொன்னீங்க. வயசு?"

"ஐம்பத்தெட்டு," என்றேன். "இந்தச் சித்திரை வந்தா ஐம்பத்தொம்பது."

அவன் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தான். "இதுல அறுபதுன்னு வருதேம்மா. தை மாசமே முடிஞ்சிருக்கே."

"அது என் தேதிப்பா. அவனோடது இல்ல. அவன் எனக்குப் பதினஞ்சு மாசம் சின்னவன். ரெட்டை இல்ல. மாத்தி எழுதிட்டாங்க."

"ப்ரூஃப் ஏதாச்சும் இருக்காம்மா?"

"நான் அவனோட அக்கா," என்றேன். என் குரல் உயர்ந்து பின்னால் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பொய் சொல்ல மாட்டேன்."

பையன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "கார்டுல இருக்கறதைத்தான்மா ஏத்தணும். தப்பா நினைக்காதீங்க." குனிந்து அறுபது என்று எழுதினான். பக்கத்துக் கட்டத்தில் என் தேதியை எழுதினான். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, மேலே எழுதியதெல்லாம் சரி என்று கீழே ஒரு கையெழுத்துப் போடச் சொன்னான்.

போட்டேன்.